இரண்டு எழுத்துக்காக எட்டு ஆண்டு வழக்கு!

மலேசியாவின் தலைநகர் கோலாலம்பூர். அங்கே ‘ஜாலான் ஈப்போ’ என்று ஒரு சாலை. ‘ஜாலான்’ என்றால் மலாய் மொழியில் சாலை என்று பொருள்.

1999-ம் ஆண்டு அந்தச் சாலையில் ஒரு சாப்பாட்டுக் கடை திறந்தார்கள். திறந்தவர்கள் இந்திய வம்சாவளியைச் சேர்ந்த ஒரு கணவனும் மனைவியும். இந்தியச் சாப்பாடும் உண்டு. மலேசியச் சாப்பாடும் உண்டு. மீன் தலைக் கறியும் உண்டு.

கடைக்கு ஒரு பெயர் வேண்டும் அல்லவா? ‘மெக்கறி’ என்று வைத்தார்கள்.

அந்தப் பெயர் அவர்களை 8 ஆண்டு காலம் கோர்ட்டுக்கு இழுத்தது. எதிரே நின்றது பக்கத்துத் தெருக் கடைக்காரர் அல்ல. உலகம் முழுவதும் கிளை பரப்பிய ‘மெக்டொனால்டு’ கம்பெனி!

யானைக்கும் பூனைக்கும் வழக்கு. யார் ஜெயித்தார்கள்? எப்படி ஜெயித்தார்கள்? சிறிய கடை வைத்திருக்கும் ஒவ்வொருவரும் தெரிந்துகொள்ள வேண்டிய கதை இது.

கட்டை விரல் காட்டும் கோழி

மெக்கறி கடையின் போர்டு சிவப்பு நிறம். அதில் வெள்ளையும் சாம்பலும் கலந்த எழுத்துக்கள். பக்கத்தில் ஒரு கோழியின் படம். இரண்டு கட்டை விரல்களையும் உயர்த்தி, ‘பலே, பலே!’ என்று சொல்வதுபோல அந்தக் கோழி நிற்கும்.

போர்டிலேயே இன்னொரு வரியும் இருந்தது. ‘மலேசியன் சிக்கன் கறி’ என்பது அந்த வரி. அதாவது, மலேசியக் கோழிக் கறி. ஆங்கிலத்தில் ‘மலேசியன்’ என்பதன் முதல் எழுத்து ‘எம்’. ‘சிக்கன்’ என்பதன் முதல் எழுத்து ‘சி’. இரண்டையும் கறியோடு சேர்த்தால் ‘மெக்கறி’. பெயர் வந்த வழி இதுதான் என்று கடைக்காரர்கள் சொன்னார்கள்.

மெக்டொனால்டு கம்பெனி இதை ஒப்புக்கொள்ளவில்லை.

மெக்டொனால்டு மலேசியாவுக்கு வந்தது 1982-ம் ஆண்டு. வளைந்த மஞ்சள் ‘எம்’ எழுத்து அதன் அடையாளம். அந்த மஞ்சள் எழுத்துக்குப் பின்னால் சிவப்பு நிறம் இருக்கும். அது விற்கும் பல பண்டங்களின் பெயர் ‘மெக்’ என்றுதான் தொடங்கும். நடுவே இறைச்சியை வைத்த ரொட்டிக்கும் ‘மெக்’. கோழித் துண்டுக்கும் ‘மெக்’.

சாப்பாட்டுத் தொழிலில் ‘மெக்’ என்றால் ஜனங்களுக்கு எங்கள் ஞாபகம்தான் வரும். மெக்கறி எங்கள் கிளை என்று நினைத்துவிடுவார்கள். நாங்கள் சம்பாதித்த பெயரை இவர்கள் பயன்படுத்துகிறார்கள் என்பது கம்பெனியின் வாதம்.

2001-ம் ஆண்டு கம்பெனி ஐகோர்ட்டில் வழக்குப் போட்டது.

‘மெக்’ என்றால் மகன்!

இங்கே ஒரு வேடிக்கை. ‘மெக்’ என்பது மெக்டொனால்டு கம்பெனி கண்டுபிடித்த சொல் அல்ல.

ஸ்காட்லாந்திலும் அயர்லாந்திலும் அது பழைய சொல். ‘மகன்’ என்று அதற்குப் பொருள். மெக்டொனால்டு என்றால் டொனால்டின் மகன். அந்த நாடுகளில் ‘மெக்’ என்று தொடங்கும் குடும்பப் பெயர்கள் ஏராளம். நம் ஊரில் தகப்பன் பெயரின் முதல் எழுத்தை முன்னால் போட்டுக்கொள்வதுபோல, அவர்கள் மூதாதையின் பெயருக்கு முன்னால் ‘மெக்’ போட்டுக்கொண்டார்கள்.

‘மகன்’ என்ற சொல்லை ஒரு கம்பெனி சொந்தம் கொண்டாட முடியுமா?

சட்டம் இதற்கு நேராகப் பதில் சொல்வதில்லை. சட்டம் வேறு ஒரு கேள்வியைக் கேட்கிறது.

மூன்று பானை ஊறுகாய்

ஓர் உதாரணம் பார்க்கலாம்.

ஓர் ஊரில் ‘மூன்று பானை’ என்ற பெயரில் ஒருவர் ஊறுகாய் விற்கிறார் என்று வைத்துக்கொள்வோம். ருசி நன்றாக இருக்கிறது. பல வருடங்களாக நம்பி வாங்குகிறார்கள். பாட்டி, பேரனைக் கடைக்கு அனுப்பும்போது, “மூன்று பானை படம் போட்ட பாட்டிலாகப் பார்த்து வாங்கி வா” என்று சொல்லி அனுப்புகிறாள்.

இதைப் பார்த்த இன்னொருவர் அதே மாதிரி பாட்டில், அதே மாதிரி படம் போட்டு ‘முப்பானை ஊறுகாய்’ என்று விற்கத் தொடங்குகிறார். பேரன் மாற்றி வாங்கி வந்துவிடுகிறான். பாட்டி ஏமாந்தாள். முதல் வியாபாரியும் நஷ்டப்பட்டார்.

தன் சரக்கை, பேர் பெற்ற இன்னொருவருடைய சரக்கு என்று ஜனங்கள் நினைக்கும்படி விற்பது சட்டப்படி தவறு. சட்டத்தில் இதற்கு ‘பாசிங் ஆப்’ என்று பெயர். பெயரைப் பதிவு செய்யாதவர்கூட, தன் பெயரால் பிறர் ஏமாற்றினால் இப்படி வழக்குப் போடலாம்.

ஆகவே, கோர்ட்டு கேட்கும் கேள்வி இதுதான்: வாங்க வருகிறவர் ஏமாந்துபோவாரா?

எவன் பெரியவன், எவன் சிறியவன் என்பது கேள்வி அல்ல. பாட்டி ஏமாறுவாளா, மாட்டாளா? அதுதான் கேள்வி.

முதல் தீர்ப்பு

மெக்கறி வழக்கு மெதுவாக நகர்ந்தது. ஒரு வருடம் போயிற்று. இரண்டு வருடம் போயிற்று. ஐந்து வருடமும் ஓடிவிட்டது.

2006-ம் ஆண்டு ஐகோர்ட்டு தீர்ப்புச் சொன்னது. கம்பெனிக்கு ஜெயம்! கறிக்கடைக்குத் தோல்வி!

ஒரு சிறிய கடைக்கு இது எவ்வளவு பெரிய அடி என்று எண்ணிப் பார்க்க வேண்டும். பெயரை மாற்றுவது என்றால் போர்டை மட்டும் மாற்றுவது அல்ல. 7 வருடமாக வந்துகொண்டிருக்கும் வாடிக்கைக்காரர்களிடம் புதுப் பெயரைச் சொல்ல வேண்டும். ரசீதை மாற்ற வேண்டும். விலைப் பட்டியலை மாற்ற வேண்டும். “பழைய கடைதான், பெயர்தான் வேறு” என்று ஒவ்வொருவருக்கும் விளக்க வேண்டும். இதற்கு மேல் வக்கீல் செலவு வேறு.

பெரிய கம்பெனிக்கு வழக்கு என்பது கணக்குப் புத்தகத்தில் ஒரு வரி. சிறிய கடைக்கோ அது அடுப்பில் வைத்த பானை. கடைக்காரர் கோர்ட்டுப் படியில் நிற்கும் நாளில், கல்லாவில் யார் உட்காருவது?

பலர் இந்த இடத்தில் கைகழுவி விடுவார்கள். இவர்கள் விடவில்லை. அப்பீல் செய்தார்கள்.

தங்கள் பெயரை இழந்த சகோதரர்கள்

இரண்டே எழுத்துக்காக ஒரு பெரிய கம்பெனி ஏன் இவ்வளவு தூரம் போராட வேண்டும்? பெயரின் விலை என்ன என்பது மெக்டொனால்டு கம்பெனிக்கு நன்றாகத் தெரியும். அதன் சொந்தக் கதையிலேயே அதற்குப் பாடம் இருக்கிறது.

அமெரிக்காவில் கலிபோர்னியா மாநிலத்தில் சான் பெர்னார்டினோ என்று ஓர் ஊர். அங்கே 1940-ம் ஆண்டு ரிச்சர்டு, மாரிஸ் என்ற சகோதரர்கள் ஒரு கடை வைத்தார்கள். அவர்களுடைய குடும்பப் பெயர்தான் மெக்டொனால்டு. 1948-ம் ஆண்டு அந்தக் கடையை அவர்கள் மாற்றி அமைத்தார்கள். பண்டங்களின் எண்ணிக்கையைக் குறைத்தார்கள். விலையைக் குறைத்தார்கள். நொடியில் கையில் கிடைக்கும்படி செய்தார்கள். கூட்டம் அலைமோதியது.

பால் பானம் கலக்கும் எந்திரம் விற்க வந்தார் ரே கிராக் என்ற ஒரு வியாபாரி. கடையைப் பார்த்தார். அசந்துபோனார். சகோதரர்களுடன் ஒப்பந்தம் செய்துகொண்டு, அதே பெயரில் ஊர் ஊராகக் கடை திறக்கத் தொடங்கினார். 1961-ம் ஆண்டு 27 லட்சம் டாலர் கொடுத்து, சகோதரர்களிடம் இருந்து தொழிலையே வாங்கிவிட்டார். பெயரும் அவர் கைக்குப் போய்விட்டது.

சான் பெர்னார்டினோவில் இருந்த முதல் கடையைச் சகோதரர்கள் தங்களிடமே வைத்துக்கொண்டார்கள். ஆனால் அதில் ‘மெக்டொனால்டு’ என்று போர்டு போட முடியவில்லை! பிறந்த நாள் முதல் அவர்களோடு இருந்த குடும்பப் பெயர். அதைத் தங்கள் கடைக்கு வைக்கவே அவர்களுக்கு உரிமை இல்லை. ‘பிக் எம்’, அதாவது ‘பெரிய எம்’ என்று கடையின் பெயரை மாற்றினார்கள். பக்கத்திலேயே ரே கிராக் ஒரு மெக்டொனால்டு கடையைத் திறந்தார். கூட்டம் அங்கே போயிற்று. சகோதரர்களின் கடை மூடப்பட்டது.

அதே சகோதரர்கள். அதே ஊர். பெயர்தான் இல்லை. பெயர் போனதும் வியாபாரமும் போயிற்று! பெயருக்கு உள்ள பலத்தைக் காட்ட இதைவிட வேறு சாட்சி வேண்டியதில்லை.

அப்பீல் கோர்ட்டில் திருப்பம்

மீண்டும் மலேசியாவுக்கு வருவோம்.

2009-ம் ஆண்டு ஏப்ரல் மாதம் அப்பீல் கோர்ட்டின் தீர்ப்பு வெளியானது. தீர்ப்பை எழுதியவர் நீதிபதி கோபால் ஸ்ரீராம்.

அவர் பாட்டியின் கேள்வியைத்தான் கேட்டார். கடைக்கு வருகிறவர் ஏமாந்துபோவாரா? இதைத் தெரிந்துகொள்ள இரண்டு கடைகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்கள்.

முதலாவது, போர்டு. மெக்டொனால்டு போர்டில் வளைந்த மஞ்சள் ‘எம்’. மெக்கறி போர்டில் கட்டை விரல் உயர்த்தும் கோழி. இரண்டுக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை.

இரண்டாவது, சாப்பாடு. ஒன்றில் இறைச்சி வைத்த ரொட்டி முதலிய துரித உணவு. மற்றதில் இந்திய, மலேசியச் சாப்பாடு.

மூன்றாவது, பண்டங்களின் பெயர். மெக்டொனால்டு தன் பண்டங்களுக்கு ‘மெக்’ போட்டுப் பெயர் வைக்கிறது. மெக்கறியில் எந்தப் பண்டத்துக்கும் ‘மெக்’ இல்லை. கடைப் பெயரில் மட்டும்தான் இருக்கிறது.

நான்காவது, வாடிக்கைக்காரர்கள். இந்தக் கடைக்கு வரும் கூட்டம் வேறு. அந்தக் கடைக்குப் போகும் கூட்டம் வேறு.

மீன் தலைக் கறி சாப்பிட வருகிறவர், ‘இது மெக்டொனால்டு கடை’ என்று நினைத்து உள்ளே வருவாரா? வரமாட்டார்! ‘மெக்’ என்ற முன்சொல்லைத் தனக்கு மட்டுமே சொந்தம் என்று ஒரு கம்பெனி அடைத்து வைத்துக்கொள்ள முடியாது என்று அப்பீல் கோர்ட்டு முடிவு செய்தது.

கறிக்கடைக்கு ஜெயம்!

கடைசிக் கதவும் மூடியது

கம்பெனி சும்மா இருக்கவில்லை. மலேசியாவின் உச்ச நீதிமன்றமான பெடரல் கோர்ட்டுக்குப் போனது. அங்கே அப்பீல் செய்வதற்கு முதலில் அனுமதி வாங்க வேண்டும்.

2009-ம் ஆண்டு செப்டம்பர் 8-ந்தேதி. மூன்று நீதிபதிகள் உட்கார்ந்தார்கள். மூவரும் ஒருமனதாக முடிவு சொன்னார்கள். அனுமதி கிடையாது! அத்துடன் கறிக்கடைக்கு 10 ஆயிரம் ரிங்கிட் செலவுத் தொகை கொடுக்கும்படியும் கம்பெனிக்கு உத்தரவு போட்டார்கள்.

எட்டு ஆண்டு வழக்கு அன்று முடிந்தது. ‘மெக்கறி’ என்ற பெயர் கணவன்-மனைவிக்கே நிலைத்தது. உலகப் பத்திரிகைகள் எல்லாம் செய்தி போட்டன. ஜாலான் ஈப்போவைக் கேள்விப்படாதவர்கள்கூட மெக்கறியைப் பற்றிப் படித்தார்கள்.

எப்போதும் சிறியவர் பக்கமா?

இதைப் படித்துவிட்டு, ‘சிறிய கடை என்றால் கோர்ட்டு இரக்கம் காட்டும்’ என்று நினைத்துவிடக்கூடாது.

அமெரிக்காவில் நியூயார்க் பகுதியில் ‘மெக்பேகல்ஸ்’ என்று ஒரு கடை இருந்தது. பேகல் என்பது வளையம்போல நடுவில் ஓட்டை உள்ள ரொட்டி. மாவை வெந்நீரில் போட்டு எடுத்து, பிறகு அடுப்பில் சுடுவார்கள். அந்தப் பண்டத்தின் பெயருக்கு முன்னால் ‘மெக்’ போட்டுக் கடைக்குப் பெயர் வைத்திருந்தார்கள்.

அங்கேயும் மெக்டொனால்டு வழக்குப் போட்டது. 1986-ம் ஆண்டு தீர்ப்பு வந்தது. இந்த முறை கம்பெனிக்கு ஜெயம். அந்தப் பெயரைப் பயன்படுத்தக்கூடாது என்று கோர்ட்டு தடை விதித்தது.

ஒரே கம்பெனி. ஒரே ‘மெக்’. ஆனால் தீர்ப்பு வேறு. ஏன்? அமெரிக்காவில் ஒரு தின்பண்டத்தின் பெயருக்கு முன்னால் ‘மெக்’ வந்தால், அது மெக்டொனால்டு பண்டம் என்று எண்ணும் அளவுக்கு அந்தக் கம்பெனி அதைப் பரப்பியிருந்தது. அங்கே ஜனங்கள் ஏமாறக்கூடும் என்று கோர்ட்டு கருதியது. கோலாலம்பூரில் கறி சாப்பிட வந்தவர் ஏமாறவில்லை. வித்தியாசம் அவ்வளவுதான்.

ராணிக்கு ஒரு ராஜா

வழக்கில் பாதி ஜெயம், பாதி தோல்வி என்றும் வருவது உண்டு. அதற்கும் ஒரு கதை இருக்கிறது.

அமெரிக்காவில் இல்லினாய்ஸ் மாநிலத்தில் மட்டூன் என்று ஒரு சிறிய ஊர். அங்கே ஒரு கணவனும் மனைவியும் ஐஸ்கிரீம் கடை நடத்தினார்கள். அதன் பெயர் ‘பிரிஜிட் குயின்’. ‘குளிர்ந்த ராணி’ என்று பொருள். 1957-ம் ஆண்டு அவர்கள் பர்கர் ரொட்டியும் விற்கத் தொடங்கினார்கள். ராணி இருந்தால் ராஜா வேண்டாமா? ஆகவே, ‘பர்கர் கிங்’ என்று பெயர் வைத்தார்கள். 1959-ம் ஆண்டு மாநில அரசாங்கத்திடம் அந்தப் பெயரைப் பதிவும் செய்தார்கள்.

தெற்கே வெகுதூரத்தில், புளோரிடா மாநிலத்தில், அதே ‘பர்கர் கிங்’ பெயரில் ஒரு கம்பெனி முன்பே வளர்ந்துகொண்டிருந்தது. மட்டூன் தம்பதிக்கு அது தெரியாது. 1961-ம் ஆண்டு அந்தக் கம்பெனி நாடு முழுவதற்குமாகப் பெயரைப் பதிவு செய்தது. இல்லினாய்ஸ் மாநிலத்துக்கும் வந்து கடை திறந்தது. இரண்டு ராஜாக்களும் மோதிக்கொண்டார்கள். விஷயம் கோர்ட்டுக்குப் போயிற்று.

1968-ம் ஆண்டு அப்பீல் கோர்ட்டு சொன்ன தீர்ப்பு விசித்திரமானது. நாடு முழுவதும் பெயர் கம்பெனிக்குத்தான். ஆனால் மட்டூன் ஊரைச் சுற்றி 20 மைல் தூரம் வரைக்கும் பெயர் அந்தத் தம்பதிக்கு! கம்பெனி நாடு முழுவதற்கும் பதிவு செய்யும் முன்பே, அவர்கள் நல்ல எண்ணத்தோடு அங்கே வியாபாரம் செய்துவிட்டார்கள். அந்த உரிமையைப் பறிக்க முடியாது. அதே சமயம், மாநிலம் முழுவதும் எங்களுக்கே என்று அவர்கள் கேட்டதும் நடக்கவில்லை.

உலகத்தையே சுற்றி வரும் ராஜாவுக்கு, 20 மைல் வட்டத்துக்குள் இடம் இல்லை. உள்ளூர் ராஜாவுக்கோ அந்த வட்டத்துக்கு வெளியே இடம் இல்லை!

டெல்லியில் தோற்ற கார் கம்பெனி

இந்தியாவிலும் இப்படிப்பட்ட வழக்கு நடந்திருக்கிறது.

ஜப்பானைச் சேர்ந்த டொயோட்டா கம்பெனி 1997-ம் ஆண்டு ‘பிரியஸ்’ என்ற காரை அந்த நாட்டில் வெளியிட்டது. பெட்ரோலிலும் ஓடும், மின்சாரத்தின் உதவியாலும் ஓடும் கார் அது.

டெல்லியில் கார் உதிரிப் பொருள்கள் செய்யும் ஓர் உள்ளூர்க் கம்பெனி இருந்தது. 2001-ம் ஆண்டில் இருந்து அதுவும் ‘பிரியஸ்’ என்ற பெயரில் சரக்கு விற்றது. மறுவருடம் பெயரைப் பதிவும் செய்துகொண்டது. கார்களுக்குப் பளபளக்கும் குரோமிய அலங்காரப் பொருள்களை இந்தியாவில் முதலில் செய்தது தாங்கள்தான் என்றும், இந்தியில் ‘முதல் முயற்சி’ என்று பொருள்படும் ‘பெஹ்லா பிரயாஸ்’ என்ற சொற்களை எண்ணியே அந்தப் பெயர் பிறந்தது என்றும் அவர்கள் சொன்னார்கள்.

2009-ம் ஆண்டு டொயோட்டா வழக்குப் போட்டது. டெல்லி ஐகோர்ட்டின் தனி நீதிபதி டொயோட்டா பக்கம் தீர்ப்புச் சொன்னார். அப்பீலில் அது மாறியது. கடைசியில் சுப்ரீம் கோர்ட்டு 2017-ம் ஆண்டு டிசம்பர் 14-ந்தேதி தீர்ப்புச் சொன்னது. ‘பிரியஸ்’ பெயர் விஷயத்தில் உள்ளூர்க் கம்பெனிக்கே ஜெயம்!

சுப்ரீம் கோர்ட்டு சொன்ன காரணம் எல்லாருக்கும் புரியக்கூடியது. வெளிநாட்டில் ஒரு பெயர் பிரபலமாக இருந்தால் போதாது. இந்த நாட்டு ஜனங்களுக்கு அந்தப் பெயர் அப்போதே தெரிந்திருக்க வேண்டும். 2001-ம் ஆண்டில் இந்தியாவில் அந்தக் கார் விற்கவில்லை. அந்தப் பெயர் இங்கே பரவியிருந்தது என்பதற்குப் போதுமான சாட்சியமும் இல்லை. கம்பெனி அந்தக் காரை இந்தியாவில் விற்பனைக்குக் கொண்டுவந்ததே பல ஆண்டுகள் கழித்துத்தான்.

கடைக்காரர்கள் தெரிந்துகொள்ள வேண்டியது

இந்தியாவில் வியாபாரச் சின்னங்களுக்காக இப்போது உள்ள சட்டம் 1999-ம் ஆண்டுச் சட்டம். அது 2003-ம் ஆண்டு செப்டம்பர் மாதம் அமலுக்கு வந்தது. சிறிய வியாபாரிகளுக்கும் அதில் பாதுகாப்பு இருக்கிறது.

கடையின் பெயரையும் படத்தையும் பதிவு செய்துகொள்ளலாம். பதிவு அலுவலகங்கள் 5 நகரங்களில் இருக்கின்றன. அவற்றில் சென்னையும் ஒன்று. கம்ப்யூட்டர் மூலம் விண்ணப்பித்தால் தனி நபருக்கும் சிறு தொழிலுக்கும் கட்டணம் ரூ.4,500. மற்றவர்களுக்கு ரூ.9,000. சரக்குகளும் சேவைகளும் 45 வகைகளாகப் பிரிக்கப்பட்டிருக்கின்றன. ஒவ்வொரு வகைக்கும் தனித்தனியே கட்டணம் உண்டு. ஒரு தடவை பதிவு செய்தால் 10 ஆண்டு செல்லும். பிறகு 10 ஆண்டுக்கு ஒரு தடவை புதுப்பித்துக்கொண்டே போகலாம்.

விண்ணப்பித்த பெயரை அரசாங்க இதழில் வெளியிடுவார்கள். யாருக்காவது ஆட்சேபம் இருந்தால் 4 மாதத்துக்குள் சொல்ல வேண்டும். தன் பெயரைப்போலவே இன்னொருவர் பதிவு செய்யப் பார்த்தால், சிறிய கடைக்காரரும் அந்த 4 மாதத்துக்குள் தடுக்கலாம்.

பதிவு செய்யாதவர்கள் கதி என்ன? அவர்களையும் சட்டம் கைவிடவில்லை. பதிவு செய்துகொண்டவர் அந்தப் பெயரைப் பயன்படுத்தத் தொடங்கிய நாளுக்கும், பதிவு செய்த நாளுக்கும் முன்பிருந்தே ஒருவர் விடாமல் அந்தப் பெயரில் வியாபாரம் செய்து வந்தால், அவரைத் தடுக்க முடியாது என்று சட்டத்தின் 34-வது பிரிவு சொல்கிறது. நல்ல எண்ணத்தோடு தன் சொந்தப் பெயரைக் கடைக்கு வைப்பவருக்கு 35-வது பிரிவு பாதுகாப்புத் தருகிறது.

ஆனால், ‘நாங்கள்தான் முன்னால்’ என்று வாயால் சொன்னால் போதாது. காகிதம் பேச வேண்டும். பழைய ரசீது, கடை லைசென்சு, வாடகைச் சீட்டு, விளம்பர நோட்டீஸ், தேதி போட்ட போட்டோ இவைதான் சாட்சி.

இன்னொன்றும் உண்டு. கடைக்குப் பெயர் வைக்கும் முன்பே, அந்தப் பெயரை வேறு யாராவது பதிவு செய்திருக்கிறார்களா என்று பார்த்துவிடுவது நல்லது. பதிவு அலுவலகத்தின் இணையதளத்தில் காசு கொடுக்காமலே தேடிப் பார்க்கலாம். பேர் பெற்ற ஒருவரின் நிழலில் ஒதுங்கினால் கூட்டம் வரும் என்று எண்ணி, ஓர் எழுத்தை மாற்றி வைப்பது ஆபத்து. அப்போது கோர்ட்டு கேட்கும் கேள்விக்கு நல்ல பதில் இருக்காது.

வக்கீல் நோட்டீஸ் வந்தால்…

ஒரு நாள் தபாலில் ஒரு பெரிய கம்பெனியின் வக்கீல் நோட்டீஸ் வருகிறது என்று வைத்துக்கொள்வோம். ‘இத்தனை நாளைக்குள் பெயரை மாற்று. இல்லாவிட்டால் வழக்கு’ என்று அதில் எழுதியிருக்கும். உடனே பயந்து போர்டைக் கழற்ற வேண்டியதில்லை. வீம்புக்காக நோட்டீசைக் கிழித்துப்போடவும் கூடாது. நோட்டீஸ் என்பது கம்பெனியின் பேச்சு. அது கோர்ட்டின் தீர்ப்பு அல்ல. விஷயம் தெரிந்த ஒரு வக்கீலிடம் காட்டி, குறித்த நாளுக்குள் பதில் அனுப்ப வேண்டும். வக்கீல் வைக்க வசதி இல்லாதவர்கள் ஜில்லா கோர்ட்டில் உள்ள இலவச சட்ட உதவி மையத்துக்குப் போய், தங்களுக்கு உதவி கிடைக்குமா என்று கேட்கலாம்.

ஜாலான் ஈப்போ தம்பதி 8 ஆண்டு காத்திருந்தார்கள். முதல் தீர்ப்பில் தோற்றார்கள். ஆனாலும் அடுப்பை அணைக்கவில்லை. தங்கள் பெயரில் சூது இல்லை என்ற நம்பிக்கை அவர்களுக்கு இருந்தது. தட்டில் இருந்த கறியும், போர்டில் இருந்த கோழியும் அவர்களுக்காகச் சாட்சி சொன்னதுபோல ஆயிற்று.

இன்று கடை திறக்கிறவர்கள் ஒரு வேலை செய்யலாம். கடைக்காக அடித்த முதல் நோட்டீஸ் ஒன்று, முதல் ரசீது ஒன்று, பெயர்ப் பலகை தெரியும்படி எடுத்த போட்டோ ஒன்று. இந்த மூன்றையும் தேதி எழுதி, வீட்டுப் பத்திரம் வைக்கும் பெட்டியிலேயே வைத்துவிட வேண்டும்.

அவையும் சொத்துப் பத்திரம்தான்!